சம்பந்தி வீட்டு மில்லிங் மெஷின்

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான், ஞாயிற்றுக்கிழமையானால் படுத்துத் தூங்க வேண்டியதுதானே? வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பழைய மில்லிங் மெஷின் ஒன்று வாங்கி வைக்கப் போகிறானாம். போன வாரம் அதன் படங்களைக் கொண்டுவந்து காட்டி, "ஆன்டி, எவ்ளோ கொடுக்கலாம், சொல்லுங்க லா" என்று சிரித்தான். எழுபது வயதைத் தாண்டியவளுக்கு என்ன தெரியும் என்கிற நினைப்பு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மேசைய இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் ஓட்டிப் பாத்தியா? நடுவுல லேசா ஓடி, ஓரத்துல இறுகிச்சுன்னா வாங்காதே" என்றேன். இன்னொன்றும் கேட்டேன். "விக்கிறவன் உனக்குச் சொந்தமா?" இல்லை என்றான். அப்படியானால் தைரியமாக விலை பேசு என்று அனுப்பி வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடிப் பேசுகிற உங்களுக்காகத்தான் இது. நீங்களும் என் காலத்து ஆட்கள். ரயில்வே கோட்டர்சில் பிறந்தவர்கள், தகரக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். அக்காவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறீர்களாமே. மாற்றத்தான் செய்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஈயமும் ரப்பரும் விலை சரிந்து, கோலாலம்பூரே முகம் தொங்கிக் கிடந்த வருஷங்கள். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். இரும்பின்மேல் நகத்தை ஓட்டினார் என்றால், ஒரு தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரையும் ஆள்குறைப்பில் நிறுத்தினார்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, கோட்டர்சைக் காலி செய்ய ஒரு மாதம் தவணையும் கொடுத்தார்கள். கோட்டர்ஸ் இருந்த பிரிக்பீல்ட்சிலேயே ஆற்றோரமாக ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். மழை பெய்தால் சமையல்கட்டு வரைக்கும் தண்ணீர் வரும். அம்மா அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்துச் சமைப்பாள், கூடவே அப்பாவைத் திட்டுவாள்.

கூட வேலை செய்தவர்கள் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அப்பா மட்டும் போக மாட்டேன் என்றார். "அங்க போயி என்ன செய்யறது? எனக்கு அரம் பிடிக்கத் தெரியும், ஏர் பிடிக்கத் தெரியாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். வீட்டுப் பக்கத்திலேயே கொட்டகை போட்டுச் சொந்தமாக வேலை செய்வது என்று முடிவு. பழைய லேத் ஒன்றும் எண்ணெய் எஞ்சின் ஒன்றும் சல்லிசாகக் கிடைத்தன. மில்லிங் மெஷின்தான் இல்லை. பஸ்காரர்களும் ஐஸ் பாக்டரிக்காரர்களும் கொண்டுவருகிற தண்டுகளில் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்ட வேண்டும், பல்சக்கரத்துக்குப் பல் வெட்ட வேண்டும். அப்பா உளியாலும் அரத்தாலும் இரண்டு நாள் மாரடித்துச் செய்கிற வேலையை அந்த மெஷின் அரை மணியில் செய்துவிடும். "அது ஒண்ணு கெடைச்சா பொழச்சுக்கலாம்" என்று சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கிள்ளானில் இடம் அமைந்தது. அக்காவுக்குப் பதினெட்டு வயது. சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், அம்மா வாயைப் பொத்துவாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் எழுத்து வேலை. வந்து பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள், தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பொண்ணக் கொடுத்தாப் போதும்" என்று மாப்பிள்ளையின் அப்பா கையைக் கூப்பியபோது அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேலை போனவன் வீட்டில் வந்து எவன் இப்படிச் சொல்வான்? தெய்வம் மாதிரி வந்தார் என்றாள்.

அந்தத் தெய்வம் ஒரு ஈயச் சுரங்கத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சுரங்கத்தை மூடியபோது அங்கிருந்த மில்லிங் மெஷினை வாங்கித் தன் வீட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார். பூ வைத்த அன்று வாசல்வரைக்கும் போனவர் திரும்பி, "சம்பந்தி, நீங்க மெஷினு தேடுறீங்களாமே. எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. வெளி ஆளுக்குக் கொடுக்கறதுக்கு உங்களுக்குக் கொடுத்தா எனக்கு மனசுக்குத் திருப்தி. வந்து பாருங்க" என்றார். அப்பா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பாவம், சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

சம்பந்தி வீட்டுக்கு ஆண்பிள்ளை ஒண்டியாகப் போவது மரியாதையில்லை என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். கையில் பழமும் பூவும் ஒரு பொட்டலம் பலகாரமும் கொடுத்தாள். கிளம்புகிற நேரத்தில் அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏய் குட்டி, அந்த வீட்ட நல்லாப் பாத்துட்டு வா. தண்ணி யாரு தூக்கறா, மாமியார் சத்தம் போடறாங்களா, மூத்த மருமக முகம் எப்படி இருக்கு, எல்லாம் பாத்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் சொல்லணும். சரியா?"

"எனக்கு என்ன கொடுப்பே?"

"என் ஊதா ரிப்பன எடுத்துக்க. போ."

இப்படியாக அன்று கிள்ளான் ரயிலில் இரண்டு பேர் மதிப்புப் போடப் போனோம். அப்பா மெஷினுக்கு, நான் வீட்டுக்கு.

ரயிலில் அப்பா கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் எஃகு ஸ்கேலும், சிகரெட் சுற்றுகிற மெல்லிசுத் தாள் ஒரு கட்டும் இருந்தன. அந்தத் தாளை இரும்பு இடுக்கில் விட்டுப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடுமாம். "பாப்பா, நல்ல நெலமையில இருந்தா நூத்தம்பது வெள்ளி தாராளமாக் கொடுக்கலாம். தேஞ்சிருந்தா அறுவது. அதுக்கு மேல ஒரு காசு கூடாது" என்று எனக்குக் கணக்குச் சொன்னார். கிள்ளான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அங்க பாக்கறது, கேக்கறது எதையும் வீட்ல வந்து உளறக் கூடாது. சம்பந்தம் பண்ற எடம். ஒரு வார்த்த தப்பாப் போனா உங்கக்கா வாழ்க்க போயிடும். புரியுதா?" புரிகிறது என்று தலையை ஆட்டினேன்.

கொட்டகையில் அந்த மெஷின் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. அப்பாவுக்கு முதல் சந்தேகம் அந்தப் பெயிண்டைப் பார்த்தவுடனேயே வந்திருக்க வேண்டும். பழைய மெஷினுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறவன் எதையோ மூடுகிறான் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு, "நல்லா வச்சிருக்கீங்களே சம்பந்தி" என்றுதான் சொன்னார். சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நகரவே இல்லை.

அப்பா கட்டர் மாட்டுகிற தண்டில் ஒரு கடப்பாரையை முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். ஆட்டமில்லை. பல்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டு உருட்டினார். எல்லாப் பல்லும் இருந்தன. கடைசியாக மேசைக்கு வந்தார். இரும்பை வைத்துக் கட்டுவதற்கு அந்த மெஷினில் ஒரு நீள மேசை உண்டு, கைப்பிடியைச் சுற்றினால் பக்கவாட்டில் நகரும். "பாப்பா, மெதுவாச் சுத்து" என்று சொல்லிவிட்டு, மேசை நகர்கிற தடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு குனிந்தார்.

நான் சுற்றினேன். நடுவில் நன்றாக நகர்ந்தது. ஓரம் நெருங்க நெருங்கக் கனத்தது. பிறகு நின்றேவிட்டது. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

"அப்பா, மாட்டிக்கிச்சு" என்றேன்.

சம்பந்தி கடகடவென்று சிரித்தார். "சின்னப் புள்ள, கையில வலு பத்தல."

அப்பா நிமிரவில்லை. தாளை எடுத்து நடுப்பகுதி இடுக்கில் விட்டார். ஒரு தாள் போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றையும் சேர்த்து விட்டார், அதுவும் போயிற்று. எத்தனையோ வருஷம் சுரங்கத்தில் நடுப்பகுதியை மட்டும் ஓட்டி ஓட்டி அந்த இடம் பள்ளமாகத் தேய்ந்துவிட்டிருந்தது. ஆட்டம் தெரியாமலிருக்கப் மேசையைத் தடத்தோடு பிடிக்கிற பக்கத்துப் பட்டையை யாரோ இறுக்கி வைத்திருந்தார்கள். அதனால் தேய்ந்த இடத்தில் மேசை சரியாக ஓடும், தேயாத இடத்துக்கு வந்தால் இறுகிவிடும். இதெல்லாம் அப்பா பின்னால் எனக்குச் சொன்னது. அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆமா, புள்ளைக்கு வலு பத்தல."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் லேத்துச் சக்கரத்தைத் தினமும் சுற்றுகிறவள் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "உள்ள போயி தண்ணி வாங்கிக் குடி, போ" என்று விரட்டினார்.

பின்கட்டில் அந்த வீட்டு மூத்த மருமகள் உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பின்வாசல் கதவில் இந்தப் பக்கம் ஒரு பூட்டுத் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "பட்டப்பகல்ல எதுக்குக்கா பூட்டு?" என்று கேட்டேன். அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்தாள்.

"புதுப் பொண்ணுக்குத் தங்கச்சியா?"

"ஆமா."

"எனக்கு ஊரு சுங்கை பூலோ. தோட்டத்துல எங்கம்மா இருந்தாங்க. காலையில ரயிலேறினா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம். நான் போயி நாலு வருஷமாச்சு." மாவை வழித்துக்கொண்டே பேசினாள், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போன வருஷம் அம்மா செத்துட்டாங்க. தந்தி வந்துச்சு. அத மூணு நாள் கழிச்சுத்தான் எங்கிட்டக் கொடுத்தாங்க. சாவி மாமி இடுப்புல இருக்கு."

செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்கக்கா கிட்டச் சொல்லு தங்கச்சி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதே" என்றாள். முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே குனிந்து மாவாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது விலை பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு என்று எப்படிச் சொல்வது? "நீங்களே சொல்லுங்க" என்று இவர், "உங்க கண்ணுக்குத் தெரியாததா, நீங்க சொல்லுங்க" என்று அவர். நம்மவர்கள் இதில் கில்லாடிகள்தானே. பாசாரில் ஒரு கட்டுக் கீரைக்குத் தொண்டை கிழியப் பேரம் பேசுவார்கள், சம்பந்தியிடம் விலை கேட்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் சம்பந்தி கூரையைப் பார்த்துக்கொண்டு, "வெளியில முந்நூறு சொல்லியிருக்கேன். உங்களுக்கு எரநூத்தி இருவது" என்றார்.

அப்பா சொன்ன அறுபது என் காதிலேயே இருந்தது. இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க சம்பந்தி" என்றார். வெற்றிலைத் தட்டு வந்தது. ரயில்வே கொடுத்த பணத்தில் மிச்சமிருந்தது ஏறக்குறைய எல்லாமே அந்தத் தட்டில் போயிற்று.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா தாள் கட்டைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பத்து தீகா ஸ்டேஷனில் கச்சாங் புத்தே கடலை விற்கிறவன் வந்தான், வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை. உளறக் கூடாது என்று அவர் சொன்னது ஒரு பக்கம், சொல்லு என்று அவள் சொன்னது ஒரு பக்கம். அப்பா கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "மெஷின் எப்படி?" என்று கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்ல மெஷினு. பழுதே கெடையாது" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். கல்யாணக் காரியத்தில் இப்படித்தான் சொல்ல வேண்டும்போல என்று அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "சொல்லுடி. எப்படி வீடு?"

"நல்ல வீடு. உள்ளேயே கேணி இருக்கு, தண்ணி தூக்க வேணாம்."

"மூத்தவ எப்படி?"

"மாவாட்டிட்டு இருந்தாங்க."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அவள் சிரித்த சிரிப்புக்கு அம்மா உள்ளேயிருந்து அதட்டினாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது, அக்கா கிள்ளானுக்குப் போனாள், மெஷின் எங்கள் கொட்டகைக்கு வந்தது. மாட்டு வண்டியிலிருந்து உருட்டி இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துப் பலகையைப் பெயர்த்து உள்ளே தள்ளிவிட்டு மறுபடி ஆணி அடித்தார்கள்.

அதற்கப்புறம் அப்பா பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். பட்டையைத் தளர்த்தினால் மேசை நடுவில் ஆடும், வெட்டுகிற காடி கோணும். இறுக்கினால் ஒரு சாண் தூரத்துக்கு மேல் நகராது. தாளை மடித்து வைப்பார், பித்தளைத் தகட்டைச் சீவி வைப்பார், சாமியை நினைத்துக்கொண்டு ஓட்டுவார். ஒருநாள் பஸ் கம்பெனிக்காரன் அப்பா வெட்டிக் கொடுத்த நான்கு தண்டுகளையும் கொண்டுவந்து வாசலில் போட்டு, "என்ன அண்ணே, குருடன் வெட்டினானா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஒர்க்ஷாப்பில் வெள்ளைக்காரனே அப்பாவைக் கூப்பிட்டு அளவு கேட்பான். அப்பேர்ப்பட்டவர் அதில் ஒரு தண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா சோறு கொண்டுபோய் வைத்ததும் தெரியவில்லை.

தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சம்பந்தி கொடுத்ததை விற்றால் கிள்ளானுக்குச் செய்தி போகும், பழுதென்று சொல்லி விற்றால் அக்கா தலையில் விடியும். கொட்டகையில் அது இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அப்பா பக்கவாட்டில் நுழைந்துதான் லேத்துக்குப் போகவேண்டியிருந்தது.

அக்காவைத் தலைத் தீபாவளிக்கு அனுப்பவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து, சைக்கிள் ஒன்று வேண்டுமென்றும் தையல் மெஷின் ஒன்று வேண்டுமென்றும் சொன்னார். அப்பா தயங்கினார். மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். "அன்னிக்கி எரநூத்தி இருவத ஒரு காசு கொறைக்காம எடுத்து வச்சீங்களே மாமா. பாதியாவது கொறைச்சுக் கேப்பாருன்னு நெனச்சோம், கையில நெறைய இருக்கும் போலன்னு அப்பா இப்பவும் சொல்லிட்டிருக்காரு" என்றார். பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டு கொடுத்த பணம் இப்படி வந்து நின்றது.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மாப்பிள்ளை கேட்டதற்குப் பணம் புரட்ட வேறு வழியே இல்லாமல், மெஷினை விற்க அப்பா ஒரு சீனத் தவுக்கேயை வரச் சொன்னார். பட்டறை வைத்திருக்கிற முதலாளி, வயதானவர், காதில் பென்சில் செருகியிருப்பார். வந்தவர் பெயிண்டைக்கூடப் பார்க்கவில்லை. நேரே கைப்பிடியைப் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர்கள் பேசியது பாசார் மலாய், கடைத்தெருப் பேச்சு, எனக்கும் கொஞ்சம் தெரியும். நடுவில் தேய்ந்திருக்கிறது, நான் பொய் சொல்லி விற்க மாட்டேன் என்றார் அப்பா.

தவுக்கே தாளை வாங்கி இடுக்கில் விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். எழுபது வெள்ளி என்றார். எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டார், அப்பா சொன்னார். தவுக்கே அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கறப்ப தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் வாங்கினே?"

"அனாக்" என்றார் அப்பா. பிள்ளைக்காக. பெண்ணைக் கொடுத்த இடம், நல்ல வீடு, கெட்டுப்போகக் கூடாது என்று தேடித் தேடி மலாயில் சொன்னார்.

நான் கொட்டகைக் கதவில் சாய்ந்திருந்தேன். எனக்கு என்ன ஆயிற்றோ, "நல்ல வீடு இல்லப்பா" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்டைச் சொன்னேன், இடுப்புச் சாவியைச் சொன்னேன், மூன்று நாள் கழித்துக் கொடுத்த தந்தியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. தவுக்கேக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா."

"ரயில்ல வரும்போது தெரியுமா?"

"நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்க."

அப்பா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ பாப்பா! மெஷினு பழுதுன்னு எனக்குத் தெரியும்டி. வீடு நல்ல வீடுன்னு நெனச்சுத்தானே அந்தப் பழுத வாங்கிட்டு வந்தேன்" என்றார். அப்பா அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். இந்தத் தடவை பழம், பூ ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்று, "என் பொண்ணக் கூப்பிடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. சம்பந்தி ஏதோ சமாதானம் சொன்னார், அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் சாவிக்கொத்தை இடுப்பிலேயே பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அக்கா வெளியே வந்தாள். ஆறு மாத வயிறு, முகம் பாதியாகியிருந்தது.

"வாம்மா, போலாம். ஒண்ணும் எடுத்துக்க வேணாம், அப்படியே வா."

அக்கா படியில் ஒரு காலை வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தக் காலைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"நான் வந்துட்டா தங்கச்சிய நாளைக்கி யாருப்பா கட்டுவா? நீங்க போங்க" என்றாள்.

அப்பா எவ்வளவோ கெஞ்சினார். நானும், "எனக்குக் கல்யாணமே வேணாம்க்கா, வாக்கா" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்ளே போனாள், கதவைச் சாத்தினார்கள்.

அப்பா மெஷினைத் தவுக்கேக்குக் கொடுத்துவிட்டு, அவர் பட்டறையிலேயே கூலிக்குப் போனார். அக்கா அந்த வீட்டில் நான்கு பிள்ளை பெற்றாள். பிரிக்பீல்ட்சுக்கு அவள் வந்தது இரண்டே தடவை, இரண்டும் சாவுக்கு. என்னிடம் அவள் ஒன்றுமே கேட்டதில்லை. ஏன்டி அன்னைக்குச் சொல்லலே என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது அழுது தீர்த்திருப்பேன். கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், உங்களில் சிலருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காப்பி கொடுக்க நான் வெளியே வந்த நேரத்தில் அவருடைய அம்மா, "மூத்த பொண்ண எங்க கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். "கிள்ளான்ல. நல்ல எடம்" என்றாள் அம்மா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, "அக்கா சௌக்கியமா இருக்காளாம்மா?" என்று கேட்டார்கள்.

இருக்காங்க என்றேன். காப்பியை நீட்டினேன்.